உயிரணுவின் தரச்சோதனை

படிப்பதற்கு முன்

ஒரு பொருள் குறையுடையது என்பதை எதை வைத்து முடிவு செய்வீர்கள்? அதன் தோற்றத்தை வைத்தா, அது செய்யும் வேலையை வைத்தா? இக்கேள்வியை மனத்தில் இருத்திக்கொண்டு பின்வரும் பகுதியை வாசியுங்கள்.

கையுறையும் தண்ணீரும்

மலேசியாவில் செய்யப்படும் ரப்பர் கையுறைகள் உலகின் பல மருத்துவமனைகளுக்குச் செல்கின்றன. அவற்றை அனுப்புவதற்கு முன், ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில கையுறைகளை எடுத்துச் சோதிப்பார்கள். சோதனை எளிமையானது. கையுறையைத் தொங்கவிட்டு அதில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுவார்கள். இரண்டு நிமிடம் காத்திருப்பார்கள். அதற்குள் ஒரு துளி கசிந்தாலும் அக்கையுறை தேறவில்லை என்று பொருள். அறுவை மருத்துவரின் கைக்கும் நோயாளியின் இரத்தத்துக்கும் இடையில் இருப்பது அந்த மெல்லிய ரப்பர் ஒன்றுதான். ஆகவே, இதில் கண்டிப்புத் தேவை.

நம் உடலுக்குள்ளும் இத்தகைய தரச்சோதனை இரவு பகலாக நடைபெறுகிறது. நடைபெறும் இடம் உயிரணு. சோதிக்கப்படும் பொருள் புரதம். அங்கே தேறாத புரதங்களைக் கண்டுபிடித்து, வெளியே இழுத்து, அழிவுக்கு அனுப்பும் பொறுப்பைச் சில சவ்வுப் புரதக் கூட்டமைப்புகள் ஏற்றுள்ளன. அவற்றைக் காவலர்கள் என்று வைத்துக்கொள்வோம். இக்காவலர்கள் எவ்வாறு வேலை செய்கிறார்கள்? அவர்களின் கண்டிப்பு அளவு மீறினால் என்ன ஆகும்? இவற்றை இப்பாடத்தில் காண்போம்.

புரதம் மடியும் இடம்

1945ஆம் ஆண்டு, அமெரிக்காவில் கீத் போர்ட்டர், ஆல்பர்ட் கிளாட், எர்னஸ்ட் ஃபுல்லாம் ஆகிய மூவரும் கோழிக்கருவின் உயிரணு ஒன்றை எலக்ட்ரான் நுண்ணோக்கியின்வழி படம் பிடித்தனர். அந்தப் படத்தில், உயிரணுவுக்குள் பின்னல் துணியைப் போன்ற ஒரு வலை தெரிந்தது. பின்னாளில் போர்ட்டர் அதற்கு ‘எண்டோபிளாச வலை’ என்று பெயரிட்டார். பல உயிரணுக்களில் உள்ள சவ்வுகளில் பாதிக்கும் மேற்பட்டது இந்த வலையைச் சேர்ந்ததே.

நம் உயிரணுக்கள் செய்யும் புரதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த வலைக்குள் நுழைகின்றன. இரத்தத்தில் கலக்கும் இன்சுலின், நோயை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள், உயிரணுவின் மேற்பரப்பில் வாயில்களாக நிற்கும் புரதங்கள் எனப் பலவும் அவற்றுள் அடங்கும்.

புரதம் பிறக்கும்போது அது ஒரு நீண்ட சங்கிலி மட்டுமே. ரைபோசோம் என்னும் நுண்ணுறுப்பு அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து அச்சங்கிலியைச் செய்கிறது. சங்கிலியாக இருக்கும்வரை அதனால் எந்தப் பயனும் இல்லை. அது தனக்குரிய வடிவத்தில் மடிய வேண்டும்.

பெருநாள் காலத்தில் கெத்துப்பாட் பின்னுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீண்ட தென்னங்குருத்து ஓலையை முறையாக மடித்துப் பின்னினால், அரிசியைத் தாங்கும் அழகிய கூடு கிடைக்கும். ஒரு மடிப்புத் தவறினாலும் கூட்டில் இடைவெளி விழும்; கொதிக்கும்போது அரிசி சிந்தும். ஓலை அதே ஓலைதான். வேறுபாடு மடிப்பில் இருக்கிறது. புரதமும் அவ்வாறே.

தவறாக மடிந்த புரதம் வேலை செய்யாமல் போவதோடு நின்றுவிடுவதில்லை. அது மற்றப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு கட்டியாகத் திரளக்கூடும். அந்தக் கட்டிகள் உயிரணுவை நலிவடையச் செய்யும். சில வேளைகளில் கொல்லவும் செய்யும். எனவேதான் உயிரணுவுக்குத் தரச்சோதனை தேவைப்படுகிறது.

மறுவாய்ப்பும் கால எல்லையும்

காவலர்கள் எடுத்த எடுப்பிலேயே தண்டிப்பதில்லை. முதலில் வாய்ப்பு அளிக்கிறார்கள்.

வலைக்குள் நுழையும் பல புரதங்களின்மீது சர்க்கரைக் கொத்து ஒன்று பொருத்தப்படுகிறது. அதில் 14 சர்க்கரை மூலக்கூறுகள் உள்ளன. அவற்றுள் மூன்று குளுக்கோஸ், ஒன்பது மேனோஸ். இக்கொத்தை அப்புரதத்தின் அடையாள அட்டை எனலாம்.

முதலில் இரண்டு குளுக்கோஸ்கள் வெட்டப்படுகின்றன. எஞ்சிய ஒரு குளுக்கோஸைக் ‘கால்நெக்ஸின்’ என்னும் துணைப் புரதம் பற்றிக்கொண்டு, புரதம் மடிவதற்கு உதவுகிறது. பிறகு அந்தக் கடைசிக் குளுக்கோஸும் நீக்கப்படுகிறது, புரதம் விடுபடுகிறது. இப்போது ஒரு பரிசோதகர் வருகிறார். புரதம் சரியாக மடியவில்லை என்று கண்டால், அவர் மீண்டும் ஒரு குளுக்கோஸைப் பொருத்திவிடுகிறார். கால்நெக்ஸின் மறுபடியும் பற்றிக்கொள்கிறது. தேர்வில் தவறிய மாணவரை வகுப்புக்குத் திருப்பி அனுப்பி மீண்டும் பயிற்சி அளிப்பதைப் போன்ற ஏற்பாடு இது.

ஆனால், எத்தனை முறைதான் திருப்பி அனுப்புவது? அதற்கும் ஒரு கணக்கு உண்டு. கொத்தில் உள்ள மேனோஸ்களை வேறு சில நொதிகள் மெல்ல மெல்ல வெட்டிக்கொண்டே இருக்கும். புரதம் விரைவில் மடிந்துவிட்டால், அதிகம் வெட்டுப்படும் முன்பே வலையை விட்டுப் பயணப்பட்டுவிடும். மடியாமல் நெடுநேரம் தங்கினால் மேனோஸ்கள் குறைந்துகொண்டே போகும். குறிப்பிட்ட மேனோஸ்கள் போனபின், ‘இதற்குரிய காலம் முடிந்தது’ என்பது காவலர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. கடிகாரம் இல்லாத உயிரணு, சர்க்கரையைக் கொண்டே நேரத்தை அளக்கிறது.

அழிவு நடப்பது எங்கே?

தேறாத புரதம் எங்கே அழிக்கப்படுகிறது? நீண்ட காலமாக அறிவியலாளர்கள், வலைக்குள்ளேயே அதை வெட்டும் நொதி இருக்கும் என்று எண்ணினர். அந்த நொதியைத் தேடிப் பார்த்தனர், அது கிடைக்கவில்லை.

விடை 1996ஆம் ஆண்டு வாக்கில் தெளிவாகியது. ஜெர்மனியில் டீட்டர் வுல்ஃப் என்பவரின் குழுவினர் ஈஸ்ட்டை ஆராய்ந்தனர். ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் அதே ஈஸ்ட்தான். தவறாக மடிந்த புரதம் ஒன்று வலைக்குள் முழுமையாக நுழைந்த பிறகு, மீண்டும் வெளியே கொண்டுவரப்பட்டு அழிக்கப்படுவதை அவர்கள் காட்டினர். உள்ளே போன பொருள், வந்த திசையிலேயே திரும்புகிறது. குப்பைத்தொட்டி வீட்டுக்குள் இல்லை. வாசலுக்கு வெளியே இருக்கிறது.

அந்தக் குப்பைத்தொட்டியின் பெயர் புரோட்டியசோம். பீப்பாய் வடிவமுடைய இது, புரதங்களைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டுகிறது. துண்டுகள் மேலும் உடைந்து அமினோ அமிலங்களாகின்றன. உயிரணு அவற்றை மீண்டும் பயன்படுத்திக்கொள்கிறது. புரோட்டியசோம் கண்ட புரதத்தையெல்லாம் வெட்டிவிடாது. ‘யுபிக்விட்டின்’ என்னும் முத்திரை குத்தப்பட்ட புரதங்களையே அது பெரும்பாலும் ஏற்கும். யுபிக்விட்டினும் ஒரு சிறிய புரதமே. அதில் 76 அமினோ அமிலங்கள் உள்ளன. இந்த முத்திரை முறையைக் கண்டுபிடித்த ஆரன் சீகனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் ஆகிய மூவருக்கும் 2004ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

வாயில் காவலர்கள்

இனிச் சவ்வில் பதிந்திருக்கும் காவலர்களைப் பார்ப்போம். அவர்களின் கூட்டமைப்பில் நான்கு வேலைகள் உள்ளன.

முதலாவது, அடையாளம் காணுதல். கூட்டமைப்பின் சில உறுப்புகள் வலைக்குள் நீண்டிருக்கும். அவை சர்க்கரைக் கொத்தையும் மடியாத பகுதிகளையும் கண்டறிகின்றன.

இரண்டாவது, வழிவிடுதல். சவ்வு கொழுப்பாலானது, நீண்ட புரதச் சங்கிலி அதைத் தானாகக் கடக்க இயலாது. ஈஸ்ட்டில் இதற்கென ‘எச்.ஆர்.டி 1’, ‘டெர் 1’ என்னும் இரு சவ்வுப் புரதங்கள் உள்ளன. அவற்றின் வடிவத்தை அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் டாம் ராப்பபோர்ட்டின் குழுவினர் 2020ஆம் ஆண்டு விரிவாக வெளியிட்டனர். இரண்டும் பாதிப் பாதிக் குழாய்களாக அமைந்திருக்கின்றன. ஒன்று சவ்வின் ஒரு பக்கத்திலும் மற்றொன்று மறுபக்கத்திலும் திறந்திருக்கின்றன. இரண்டுக்கும் இடையில் சவ்வு மெலிந்து காணப்படுகிறது. அந்த மெலிந்த இடத்தின் வழியாகவே புரதம் வெளியே நழுவுகிறது. மனித உயிரணுக்களில் டெர் 1 புரதத்தின் உறவினர்கள் ‘டெர்லின்’ என்று அழைக்கப்படுகின்றன.

மூன்றாவது, முத்திரை குத்துதல். எச்.ஆர்.டி 1 புரதம் வழிவிடுவதோடு, வெளியே தலைகாட்டும் புரதத்தின்மீது யுபிக்விட்டின் முத்திரைகள் தொடர்ந்து பதியவும் வழிசெய்கிறது.

நான்காவது, இழுத்தல். ‘பி 97’ என்னும் புரதம் சவ்வுக்கு வெளியே காத்திருக்கிறது. ஒரே மாதிரியான ஆறு பகுதிகள் சேர்ந்த வளையம் அது. முத்திரை பெற்ற புரதத்தைப் பற்றி, ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்து, தன் நடுத்துளையின் வழியே இழுக்கிறது. அவ்வாறு வெளியே வந்த புரதம் புரோட்டியசோமைச் சென்றடைகிறது.

அடையாளம், வழி, முத்திரை, இழுப்பு ஆகிய நான்கும் ஒரே இடத்தில் நிகழ்வதை நினைத்துப் பாருங்கள். முத்திரை குத்தப்படாவிட்டால் இழுப்பதற்குப் பிடி கிடைக்காது. இழுக்காவிட்டால் வழியிலேயே நெரிசல் உண்டாகும். இவ்வேலைகளைச் செய்யும் புரதங்கள் தனித்தனியே திரியாமல் கூட்டமைப்பாக இணைந்திருப்பதன் காரணம் இதுவே.

குறையில்லாத புரதமும் அழிக்கப்படலாம்

இக்காவலர்கள் குறையுள்ளவற்றை மட்டும் அகற்றுவதில்லை. நன்றாக மடிந்து, நன்றாக வேலை செய்யும் புரதத்தையும் தேவை முடிந்தவுடன் அகற்றுகிறார்கள்.

உடலில் கொலஸ்டிரால் உற்பத்தியாவதற்கு எச்.எம்.ஜி-கோஏ ரிடக்டேஸ் என்னும் நொதி இன்றியமையாதது. அது எண்டோபிளாச வலையின் சவ்வில்தான் பதிந்திருக்கிறது. உயிரணுவில் கொலஸ்டிரால் போதுமான அளவு சேர்ந்துவிட்டால், அந்த நொதிக்கு முத்திரை குத்தப்படுகிறது. அது வெளியே இழுக்கப்பட்டு அழிகிறது. உற்பத்தி குறைகிறது. கொலஸ்டிரால் குறைந்தால் நொதி அழிக்கப்படாமல் நிலைத்திருக்கிறது, உற்பத்தி கூடுகிறது. தண்ணீர்த் தொட்டி நிறைந்ததும் மிதவை எழும்பிக் குழாயை அடைப்பதைப் போன்றது இது.

எச்.ஆர்.டி 1 என்னும் பெயரும் இங்கிருந்தே வந்தது. அமெரிக்க அறிவியலாளர் ராண்டி ஹாம்ப்டனும் அவர்தம் குழுவினரும் இந்த நொதி ஈஸ்ட்டில் எவ்வாறு அழிகிறது என்பதை ஆராய்ந்தபோது, 1996ஆம் ஆண்டு அந்த மரபணுவை அடையாளம் கண்டனர். அந்நொதியின் அழிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே அதன் பெயராயின.

காவலர்களின் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவோரும் உண்டு. சைட்டோமெகலோ வைரஸ் உயிரணுவுக்குள் புகுந்ததும், நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு எச்சரிக்கை காட்டும் நல்ல புரதங்களைப் பிடித்து, டெர்லின் இருக்கும் வாயிலுக்குக் கொண்டுசெல்கிறது. காவலர்கள் அவற்றைச் சில நிமிடங்களில் அழித்துவிடுகிறார்கள். எச்சரிக்கைப் பலகை மறைந்ததும் வைரஸ் மறைந்து வாழ்கிறது. மனித உயிரணுவில் டெர்லினின் பங்கு 2004ஆம் ஆண்டு வெளிப்பட்டதும் இந்த வைரஸின் சூழ்ச்சியை ஆராய்ந்ததால்தான்.

உப்புக் கரிக்கும் நெற்றி

முற்கால ஐரோப்பாவில் ஒரு நம்பிக்கை இருந்தது. குழந்தையின் நெற்றியில் முத்தமிடும்போது உப்புக் கரித்தால், அக்குழந்தை நீண்ட நாள் வாழாது என்பார்கள். சூனியம் பிடித்துவிட்டது என்று அஞ்சுவார்கள். காரணம் யாருக்கும் தெரியவில்லை. ஆனால், தாய்மார்கள் கண்டது உண்மை.

1938ஆம் ஆண்டு, நியூயார்க் மருத்துவர் டோரதி ஆண்டர்சன் இறந்த குழந்தைகளின் உடல்களை ஆராய்ந்து, அந்த நோயைத் தனி நோயாக விவரித்தார். அது ‘சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்’ என்று பெயர்பெற்றது. 1948ஆம் ஆண்டு நியூயார்க்கில் கடும் வெப்ப அலை வீசியது. அப்போது இந்நோயுள்ள குழந்தைகள் பலர் மயங்கி விழுந்தனர். பால் டி சான்ட்டக்னீஸ் என்னும் மருத்துவர் அதன் காரணத்தைத் தேடினார். அக்குழந்தைகளின் வியர்வையில் உப்பு மிகுதியாக இருப்பதை அவர் 1953ஆம் ஆண்டு எடுத்துரைத்தார். வியர்வையில் உப்பைச் சோதித்து இந்நோயை உறுதிசெய்யும் முறை இன்றும் வழக்கில் உள்ளது.

இந்நோயால் நுரையீரலில் சளி பசையைப் போல் கெட்டியாகிறது. கிருமிகள் அதில் தங்கிப் பெருகுகின்றன. கணையத்தின் குழாய்கள் அடைபடுவதால் உணவும் சரியாகச் செரிப்பதில்லை. 1950களில் இந்நோயோடு பிறந்த குழந்தைகள் பள்ளிக்குச் செல்லும் வயதைக்கூட எட்டுவது அரிதாக இருந்தது. ஐரோப்பிய வம்சாவளியினரிடையே இந்நோய் அதிகம். எனினும், மற்ற இனத்தவரிடமும் காணப்படுகிறது.

1989ஆம் ஆண்டு, கனடாவில் பணியாற்றிய லாப்-சீ சுய், ஜான் ரியோர்டன் ஆகியோரும் அமெரிக்காவைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் காலின்ஸும் தம் குழுவினரோடு இணைந்து, இந்நோய்க்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தனர். அம்மரபணு ‘சி.எஃப்.டி.ஆர்.’ என்னும் புரதத்தைச் செய்கிறது. உயிரணுவின் மேற்பரப்பில் குளோரைடு அயனிகளுக்கு வாயிலாக நிற்பது அதன் வேலை. அதில் 1480 அமினோ அமிலங்கள் உள்ளன. நோயாளிகள் பெரும்பாலோரிடம் 508ஆம் இடத்தில் இருக்க வேண்டிய ஃபினைல்அலனைன் என்னும் ஒரே ஓர் அமினோ அமிலம் விடுபட்டிருந்தது. டி.என்.ஏ.வில் மூன்று எழுத்துகள் மட்டுமே குறைந்திருந்தன.

ஒன்று விடுபட்டதற்கா இவ்வளவு பெரிய நோய்? அடுத்த ஆண்டு வந்த ஆய்வு வியப்பை அளித்தது. அப்புரதம் மேற்பரப்பை அடையவே இல்லை. அது எண்டோபிளாச வலையிலேயே தடுத்து நிறுத்தப்பட்டிருந்தது. அது யுபிக்விட்டின் முத்திரை பெற்றுப் புரோட்டியசோமால் அழிக்கப்படுகிறது என்பது 1995ஆம் ஆண்டு தெரியவந்தது. டெர்லின் உள்ளிட்ட காவலர்கள் தம் கடமையைச் செய்திருந்தார்கள்.

இதற்கிடையில், 1992ஆம் ஆண்டு நடந்த ஒரு சோதனைதான் எல்லாரையும் சிந்திக்க வைத்தது. குறையுள்ள புரதத்தைக் கொண்ட உயிரணுக்களை, உடல் வெப்பநிலையான 37 டிகிரி செல்சியஸில் வைக்காமல், 30 டிகிரிக்கும் குறைவான வெப்பநிலையில் வளர்த்தார்கள். குளிரில் அப்புரதம் ஓரளவு சரியாக மடிந்தது; காவலர்களைக் கடந்து மேற்பரப்பை அடைந்தது. அங்கே வாயிலாகவும் வேலை செய்தது. முழுத் திறனோடு இல்லாவிட்டாலும் குளோரைடு சென்றது.

அதாவது, அந்தப் புரதம் முற்றிலும் பயனற்றது அன்று. வாய்ப்புக் கிடைத்திருந்தால் வேலை செய்திருக்கும். காவலர்கள் பார்ப்பது வடிவத்தை மட்டுமே, பயனை அன்று. கையுறையின் விளிம்பு சற்றுக் கோணலாக இருக்கிறது என்பதற்காக, ஓட்டையில்லாத கையுறைகளை எல்லாம் எரித்துவிட்டு, மருத்துவரை வெறுங்கையோடு நிற்க விட்டதைப் போல் ஆயிற்று.

கைதூக்கிவிடும் மருந்து

அப்படியானால் என்ன செய்வது? காவலர்களை நிறுத்திவிட முடியுமா? அவர்களை நிறுத்தினால் தவறான புரதங்கள் எல்லாம் வலையில் தேங்கி உயிரணுவே நலிவுறும். நோயாளியின் உடலைக் குளிர வைக்கவும் முடியாது. எனவே அறிவியலாளர்கள் வேறு வழியைத் தேடினர். காவலர்களை மாற்றாமல், புரதம் தேர்வில் தேறுவதற்கு உதவ வேண்டும் என்று முடிவு செய்தனர். புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அது சரியாக மடியத் துணைபுரியும் சிறு மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களிடையே தேடினர்.

பல ஆண்டு உழைப்புக்குப் பின் பலன் கிட்டியது. 2012ஆம் ஆண்டு, மேற்பரப்பில் நிற்கும் வாயிலை மேலும் திறக்கும் ஐவகாஃப்டர் என்னும் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2019ஆம் ஆண்டு, மடிப்பைச் சீராக்கும் இரு மருந்துகளையும் ஐவகாஃப்டரையும் சேர்த்த மும்மருந்துக் கலவை வந்தது. அதை உட்கொண்ட நோயாளிகள் பலருக்கு மூச்சுத்திறன் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. நாளைய தினத்தைப் பற்றி எண்ணவே தயங்கியவர்கள், மேற்படிப்பையும் வேலையையும் குடும்பத்தையும் பற்றித் திட்டமிடத் தொடங்கினர்.

எனினும், கதை இன்னும் முடியவில்லை. அந்தப் புரதமே உருவாகாத வகையில் மரபணு பழுதானவர்களுக்கு இம்மருந்து பயன்படாது. மருந்தின் விலையும் மிக அதிகம். அமெரிக்காவில் அறிமுகமானபோது ஓர் ஆண்டுக்கான பட்டியல் விலை மூன்று இலட்சம் டாலருக்கும் மேல் இருந்தது. உலகின் பல நாடுகளில் இந்நோயுள்ள குழந்தைகளுக்கு அது எட்டாக்கனியாகவே உள்ளது. புரதத்துக்கு மறுவாய்ப்பு அளிக்கும் வழியை மனிதன் கண்டுபிடித்துவிட்டான். அவ்வாய்ப்பை எல்லாக் குழந்தைகளுக்கும் கொண்டு சேர்க்கும் வழியை இனிமேல்தான் கண்டறிய வேண்டும்.

நிறைவாக

தரச்சோதனை இல்லாத உயிரணு வாழாது. அதே வேளையில், தரச்சோதனை வடிவத்தை மட்டுமே பார்த்தால் பயன்படக்கூடியதும் வீணாகும். உயிரணுவின் காவலர்களுக்குச் சிந்திக்கும் ஆற்றல் இல்லை. மூலக்கூறுகளின் வடிவம் இட்ட கட்டளையை அவை நிறைவேற்றுகின்றன. மனிதருக்கோ சிந்திக்கும் ஆற்றல் உண்டு. ஒன்றைக் குறையுடையது என்று ஒதுக்கும் முன், ‘இது என்ன செய்ய வல்லது? சிறிது துணை கிடைத்தால் தேறுமா?’ என்று நம்மால் கேட்க முடியும். அறிவியலாளர்கள் ஒரு புரதத்தைப் பார்த்து அக்கேள்வியைக் கேட்டார்கள். அதனால் பல்லாயிரம் பேர் இன்று மூச்சு விடுகிறார்கள்.

அருஞ்சொற்பொருள்

உயிரணு – உயிரினங்களின் உடலை ஆக்கும் மிகச் சிறிய அலகு
சவ்வு – உயிரணுவையும் அதன் உள்ளுறுப்புகளையும் சூழ்ந்துள்ள மெல்லிய படலம்
கூட்டமைப்பு – பல உறுப்புகள் ஒன்றிணைந்து ஒரே பணியைச் செய்யும் அமைப்பு
நொதி – உடலில் நிகழும் வேதி வினைகளை விரைவுபடுத்தும் பொருள்
முத்திரை – அடையாளமாக இடப்படும் குறி
நலிவு – வலுவிழந்த நிலை
வம்சாவளி – பரம்பரை வழி
எட்டாக்கனி – அடைய இயலாதது

கருத்துணர் வினாக்கள்

1. புரதத்துக்கும் கெத்துப்பாட்டுக்கும் இடையே ஆசிரியர் காணும் ஒற்றுமை யாது?
2. தவறாக மடிந்த புரதத்தால் உயிரணுவுக்கு ஏற்படும் இரண்டு தீமைகளைக் குறிப்பிடுக.
3. ‘கடிகாரம் இல்லாத உயிரணு, சர்க்கரையைக் கொண்டே நேரத்தை அளக்கிறது.’ இக்கூற்றை உம் சொந்த நடையில் விளக்குக.
4. சவ்வுப் புரதக் கூட்டமைப்பின் நான்கு வேலைகளையும் வரிசைப்படுத்துக. அவற்றுள் ஒன்று தடைப்பட்டால் என்ன நேரும்?
5. கொலஸ்டிரால் உற்பத்தி கட்டுப்படுத்தப்படுவதைத் தண்ணீர்த் தொட்டியோடு ஒப்பிட்டிருப்பது பொருத்தமானதா? காரணம் கூறுக.
6. 1992ஆம் ஆண்டு நடந்த சோதனை அறிவியலாளர்களின் எண்ணத்தை எவ்வாறு மாற்றியது?
7. காவலர்களை நிறுத்திவிடுவது ஏன் சிறந்த சிகிச்சையாகாது?

சிந்தித்து எழுதுக

‘கண்டிப்பும் மறுவாய்ப்பும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.’ இப்பாடத்திலிருந்தும் உம் பள்ளி வாழ்க்கையிலிருந்தும் ஒவ்வோர் எடுத்துக்காட்டு தந்து, 150 சொற்களில் ஒரு கருத்துரை எழுதுக.